கேட்டபின் வரும் அறிவு

பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் மயிலையில் தேர். வடம் பிடிக்கக் கூட்டம் முண்டியடிக்கும். வந்தவர்களின் கண்ணெல்லாம் மேலே கபாலீசுவரர் மீதும், முன்னே வடம் இழுப்பவர்கள் மீதும் இருக்கும். என் கண் மட்டும் சின்ன வயதிலிருந்தே சக்கரத்தின் பக்கம் போய்விடும். அங்கே கையில் முட்டுக்கட்டையோடு சிலர் சக்கரத்தை ஒட்டி நடந்துகொண்டிருப்பார்கள். மாட வீதியின் முனையில் தேர் திரும்ப வேண்டும். கட்டையை எந்தச் சக்கரத்தின் அடியில், எந்தச் சாய்வில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது திரும்பும். அவர்கள் தேரை ஓர் அங்குலம்கூட இழுப்பதில்லை. இழுக்கிற வலு முழுவதும் வடத்தில் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் இல்லாவிட்டால் அத்தனை வலுவும் தேரைத் தெருமுனை வீட்டின் சுவரில் கொண்டுபோய் மோதிவிடும்.

மனிதனுக்குள் அறிவு செய்கிற வேலையும் இதுதான் என்று நான் நம்புகிறேன். ஆசை, அச்சம், பாசம், கோபம், பொறாமை, இரக்கம் எல்லாம் வடத்தில் இருக்கின்றன. அவை அறவே இல்லாத மனிதன் இருந்த இடத்தை விட்டு நகரமாட்டான். அறிவு சக்கரத்தின் அருகில் நடக்கிறது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறது, திருப்ப வேண்டிய இடத்தில் திருப்புகிறது.

தத்துவம் பேசியவர்களுக்கும் இந்த விஷயத்தைச் சொல்லத் தேர்தான் தேவைப்பட்டிருக்கிறது. கிரேக்கத்தில் பிளேட்டோ ‘பைட்ரஸ்’ என்ற உரையாடலில் மனித உள்ளத்தைத் தேராகச் சொன்னார். தேரோட்டி அறிவு. பூட்டியிருக்கும் குதிரைகள் இரண்டில் ஒன்று சொன்னபடி கேட்கும், மற்றது முரண்டு பிடிக்கும். நம் கடோபநிடதத்திலும் தேர் வருகிறது. உடம்பு தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பிளேட்டோவின் தேரில் தேரோட்டிக்குப் பின்னால் வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஓட்டுவதும் அறிவு, எங்கே போவதென்று தீர்மானிப்பதும் அறிவு. கடோபநிடதத்தில் தேருக்கு உடையவன் என்று ஒருவன் இருக்கிறான். சாரதி எத்தனை கெட்டிக்காரனானாலும் தேர் அவனுடையது ஆகாது. அறிவுக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்துவிட்டு, அதே மூச்சில் அதற்கு மேலே ஒருவனை உட்கார வைத்தது ஏன் என்று நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். புத்தி கூர்மையாக இருப்பதாலேயே ஒருவன் நல்லவனாகிவிடுவதில்லை என்பதை அதைச் சொன்னவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் ஹியூம் இவர்கள் இருவரையும் விட்டு விலகி நின்றார். மனித இயல்பைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1739இல் வெளிவரத் தொடங்கியது. அறிவு தானாக எந்தச் செயலையும் தொடங்கி வைக்காது, விருப்பங்களுக்குப் பணி செய்வது ஒன்றே அதன் வேலை என்பது அவர் முடிவு. தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு நகைக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலும் ஹியூம் சொன்னதில் பாதி விளங்கும். கடன் வாங்கியாவது நகை எடுப்பது என்று மனம் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறது. தங்கம் விலை ஏறிக்கொண்டே போகும், பெண்ணுக்கு ஆகும், அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்று காரணங்கள் அதன் பின்னால் ஒவ்வொன்றாக வருகின்றன. எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் எதுவும் முடிவைக் கொண்டுவரவில்லை. முடிவுதான் காரணங்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தது.

ஹியூம் சொன்னதில் மறுபாதியை நான் ஏற்கவில்லை. அதற்கு எனக்குத் துணை வருபவர் மயிலாப்பூர்க்காரர் என்று இந்த ஊர் சொந்தம் கொண்டாடுகிற வள்ளுவர். முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கோயிலே இருக்கிறது. அறிவுடைமை அதிகாரத்தில் அவர் அறிவுக்குக் கொடுக்கிற வேலைகளைப் பாருங்கள். மனம் போன இடத்துக்கெல்லாம் போகவிடாமல் தடுப்பது, தீமையிலிருந்து விலக்குவது, நல்லதன் பக்கம் செலுத்துவது. சக்கரத்தின் அருகே நடப்பவர்களின் வேலைதான் இது. அறிவை வெறும் ஏவலாளாக அவர் நினைத்திருந்தால் ‘விலக்குவது’ என்ற வேலையை அதனிடம் ஒப்படைத்திருக்க மாட்டார். ஏவலாள் எசமானை வழிமறிக்க முடியாதே.

அந்த அதிகாரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பொருட்பாலில் கல்வி 40ஆவது அதிகாரம், கல்லாமை 41, கேள்வி 42. அதற்கும் பிறகு, 43ஆவதாகத்தான் அறிவுடைமை வருகிறது. படித்து முடித்தவுடன் அறிவு வந்துவிடுகிறது என்று அந்த வரிசை சொல்லவில்லை. நடுவில் பிறர் சொல்வதை உட்கார்ந்து கேட்க வேண்டிய ஒரு கட்டம் இருக்கிறது. அறத்துப்பாலில் இன்னாசெய்யாமை அதிகாரத்தில் இன்னொரு நிபந்தனையும் போடுகிறார். பிறர் படும் துன்பத்தைத் தன் துன்பம்போல் எண்ணிக் காக்காவிட்டால் அறிவினால் என்ன பயன் என்று கேட்கிறார். அறிவு பிறரிடம் கேட்பதில் தொடங்க வேண்டும், பிறர் துன்பத்தில் அதை உரசிப் பார்க்க வேண்டும். இரண்டு முனையிலும் இன்னொரு மனிதர் நிற்கிறார். என் வாழ்நாளில் நான் கற்றுக்கொண்ட ஒரே தத்துவம் இதுதான் என்று சொன்னால் அது மிகையில்லை.

மேற்கில் நவீன தத்துவத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுகிற காட்சி நேர்மாறானது. 1619ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ரெனே தெக்கார்த் ஜெர்மனியில் கணப்பு மூட்டிய ஓர் அறைக்குள் தனியாக உட்கார்ந்து யோசித்தார். அதுவரை நம்பியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எதைச் சந்தேகிக்கவே முடியாது என்று தேடும் வழி அப்படி யோசித்ததில் பிறந்தது. பெரிய முயற்சி அது, அதன் பலனை உலகமே அனுபவித்திருக்கிறது. ஆனால் அந்த அறையில் இன்னொருவர் இல்லை.

நம் மணிமேகலையோ அறை அறையாக, ஆள் ஆளாகப் போய்க் கேட்கிறாள். காப்பியத்தின் 27ஆவது காதை முழுவதும் அதுதான். வஞ்சி நகரில் அளவைவாதியில் தொடங்கி சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறாள். கண்ணால் கண்டதை மட்டுமே ஒப்புக்கொள்வேன் என்கிற பூதவாதியிடம் மட்டும் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்கிறாள்: உன்னைப் பெற்ற தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? எனக்குத் தெரிந்து இதைவிடக் கூர்மையான, இதைவிட வீட்டுக்குள்ளிருந்தே வந்த எதிர்வாதம் எங்கும் இல்லை. அதுவும் அந்த வரிசையின் கடைசியில்தான் வருகிறது. அதுவரை அவள் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தாள்.

இதற்கெல்லாம் பிறகு காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் கற்பிக்கிறார். பக்கம் (கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று ஐந்து உறுப்புகள். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. அடுக்களையில் நாம் பார்க்கிறோமே, அதுபோல. பிறகு தவறான வாதங்களின் பட்டியல் வருகிறது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. காப்பியத்துக்குள் இப்படி ஒரு தருக்கப் பாடம் எதற்கு, கதை நின்றுவிடுகிறதே என்று குறைப்படுபவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒரு பெண் துறவு பூணுவதற்கு முன்னால், எப்படிச் சிந்தித்தால் தவறு வரும் என்று 33 வகையாகச் சொல்லிக் கொடுத்த ஆசிரியரை நான் வணங்குகிறேன். இந்தக் காப்பியத்தை உ.வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தார். பௌத்தக் கருத்துகளை விளங்கிக்கொள்ள அவர் பட்ட பாட்டை அவருடைய எழுத்திலேயே படிக்கலாம். அவர் பெயரில் இருக்கும் நூல்நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. இளைஞர்கள் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

தருக்கம் மயிலாப்பூரில் பாடமாகவே நடந்தது, நடக்கிறது. வி. கிருஷ்ணசாமி ஐயர் 1906இல் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. மாநிலக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த எஸ். குப்புசாமி சாஸ்திரி, அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகத்தை விளக்கி 1932இல் இந்தியத் தருக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு முதல் நூல் எழுதினார். இன்றும் படிக்கிறார்கள். தர்க்கசங்கிரகம் மிகச் சிறிய நூல். அதில் அனுமானத்தை இரண்டாகப் பிரிக்கும் இடம் ஒன்று உண்டு. தனக்காகச் செய்துகொள்ளும் அனுமானம் ஒன்று, பிறருக்காகச் செய்வது மற்றொன்று. மலைப் புகையைப் பார்த்து நெருப்பு இருக்கிறது என்று தனக்குள் முடிவு கட்டுகிறவனுக்கு ஐந்து உறுப்பும் தேவையில்லை. அருகில் நிற்பவருக்கு அதை விளக்கி அவரை ஒப்ப வைக்க வேண்டும் என்றபோதுதான் அத்தனையும் வேண்டியிருக்கிறது. அதாவது முழு வடிவத்தில் தருக்கம் பிறப்பதே எதிரில் ஒருவர் இருப்பதால்தான்.

2017இல் ஊகோ மெர்சியே, டான் ஸ்பெர்பர் என்ற இரண்டு அறிவியலாளர்கள் மனித அறிவைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். தனியாக யோசிக்கும் மனிதன் தன் பக்கத்துக்கே காரணம் தேடுகிறான், தன் வாதத்தின் ஓட்டைகளைச் சோம்பலாக விட்டுவிடுகிறான். ஆனால் அடுத்தவர் வாதத்தை எடைபோடும்போது அவனே நன்றாக யோசிக்கிறான் என்று பல சோதனைகளை வைத்துக் காட்டுகிறார்கள். காரணம் சொல்லும் திறமை மனிதனுக்கு வந்ததே பிறரோடு பேசித் தீர்ப்பதற்காகத்தான் என்பது அவர்கள் வாதம். படித்தபோது எனக்கு அறிவுடைமைக்கு முன்னால் கேள்வியை வைத்த வரிசைதான் நினைவுக்கு வந்தது.

பெரிய பெயர்களையே சொல்லிக்கொண்டு போனால் இது ஏதோ பண்டிதர் விவகாரம் போலத் தோன்றிவிடும். எங்கள் உறவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. அப்பா கட்டியது. அக்காவும் இரண்டு தம்பிகளும் பங்குதாரர்கள். கணவரை இழந்த அக்கா கீழ்க்கட்டில் இருந்தாள். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டித் தருவதாக ஒரு பில்டர் வந்தார். தம்பிகள் இருவரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஆளுக்கு எத்தனை சதுர அடி, கையில் எவ்வளவு வரும், வாடகை எவ்வளவு கிடைக்கும் என்று எல்லாம் தாளில் இருந்தது. அக்கா ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. “அவளுக்கு சென்டிமென்ட். அப்பா கட்டின வீடுன்னு அழறா. காரணம் ஏதாவது சொன்னா பேசலாம்” என்றான் பெரிய தம்பி. மாதக்கணக்கில் அது அப்படியே நின்றது. பேச்சுவார்த்தைகூட நின்றுபோகும் நிலை வந்தது.

குடும்பத்தில் மூத்தவரான பெரியப்பா இளவயதில் கொஞ்ச காலம் தருக்கம் படித்தவர். ஒருநாள் எல்லோரையும் உட்கார வைத்தார். சின்னவனைப் பார்த்து, “டேய், அக்கா ஏன் வேண்டாங்கறான்னு நீ சொல்லு. அவ வாயைத் திறக்கக் கூடாது. அவ ‘ஆமா, அதான்’னு தலையாட்டற வரைக்கும் நீ பேசணும்” என்றார். அவன் அப்பா நினைவு என்று தொடங்கினான். அக்கா தலையை அசைத்து இல்லை என்றாள். பணத்தில் நம்பிக்கை இல்லை என்றான். அதுவும் இல்லை. அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. பெரியப்பா விடவில்லை. அப்புறம்தான் அவன் அக்காவின் ஒரு நாளை விடிகாலையிலிருந்து மனத்துக்குள் நடத்திப் பார்க்க ஆரம்பித்தான். முட்டி வலியோடு அவள் நடந்தே போகக்கூடிய கோயில். மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காசைப் பிறகு வாங்கிக்கொள்ளும் மருந்துக் கடை. காலையில் கதவு திறக்காவிட்டால் வந்து தட்டிப் பார்க்கும் எதிர்வீட்டு மாமி. கட்டடம் எழும்பும் காலம் முழுவதும் அவளை மேடவாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் வைக்கலாம் என்று தம்பிகள் தாளில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். “அக்கா, உனக்கு வீடு இடிக்கறதைப் பத்தி ஒண்ணும் இல்லை. நடுவுல அந்த ரெண்டு மூணு வருஷம் யாரும் தெரியாத இடத்துல தனியா கிடக்கணுமேன்னுதான் பயம், இல்லையா?” என்றான். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

அவளிடம் இருந்தது அசைக்க முடியாத காரணம். அதை எடுத்துச் சொல்லும் பயிற்சி அவளுக்கு யாரும் தரவில்லை, சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையையும் யாரும் தரவில்லை. கணக்குத் தாளோடு வந்த தம்பிகளிடம் அறிவும், ‘வேண்டாம்’ என்ற அக்காவிடம் வெறும் உணர்ச்சியும் இருந்ததாக நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அவர்கள் தாளில் வராத தகவல் அவள் பயத்தில் இருந்தது. பிறகு அதே தெருவில் ஒரு போர்ஷன் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் நாளானது, வாடகையும் கூடுதல். வீட்டு வேலை அதற்குப் பின்தான் தொடங்கியது.

காரணம் சொல்லத் தெரியாதவர்களுக்குக் காரணமே இல்லை என்று முடிவு கட்டுவது ஒரு வீட்டோடு நிற்கிற பழக்கமில்லை. மனிதனைச் சிந்திக்கும் பிராணி என்று கொண்டாடிய அரிஸ்டாட்டிலே, அடிமைக்கு ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆற்றல் அறவே இல்லை என்றும், பெண்ணுக்கு அது இருந்தாலும் அதிகாரம் இல்லாதது என்றும் ‘அரசியல்’ நூலில் எழுதினார். மனித இயல்பு அறிவே என்று சொல்லிவிட்டு, பாதி மனிதர்களை அந்த இயல்புக்கு வெளியே நிறுத்தினார். நம் பக்கமும் சுத்தமில்லை. மணிமேகலை தன் உருவத்திலேயே போய்க் கேட்டிருந்தால், இளம்பெண் என்று எண்ணி யாரும் மெய்ப்பொருளைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் அவள் ஆண் துறவி வடிவம் எடுத்துக்கொண்டு போகிறாள். தருக்கப் பாடசாலைகளின் வாசலும் எல்லாச் சாதிக்கும் திறந்திருக்கவில்லை.

அறிவு பிறப்போடு வருகிற சொத்தில்லை, எல்லோருக்கும் பொது என்று உரக்கச் சொன்னவர்களுக்கு இந்த நகரம் கடன்பட்டிருக்கிறது. 1880களிலேயே சென்னையில் சிலர் ‘தத்துவவிவேசினி’ என்று ஒரு தமிழ் வார இதழ் நடத்தி, சாதியையும் மூடநம்பிக்கையையும் தருக்கம் கொண்டு கேள்வி கேட்டார்கள். பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் பௌத்தத்தின் சாரத்தைப் பற்றி எழுதிய நூலில் அந்தச் சமயத்தை அறிவின் வழியாகவே நிறுவினார். பெரியார் 1925இல் குடிஅரசு தொடங்கினார், 1934இல் ‘பகுத்தறிவு’ என்றே ஓர் இதழுக்குப் பெயர் வைத்தார். நான் சொல்வதையும் அப்படியே நம்பாதே, உன் அறிவைக் கொண்டு பார் என்று மேடைதோறும் அவர் சொன்னதுண்டு. கடவுள் விஷயத்தில் நான் அவரோடு உடன்படாதவன், கபாலி கோயிலுக்குத் தவறாமல் போகிறவன். ஆனாலும் கூலிக்காரரைப் பார்த்து, உனக்கும் எனக்கும் ஒரே அறிவுதான் என்று சொன்ன அந்தச் செயலின் முன்னால் என் கருத்து வேறுபாடு சிறியது.

இந்த வரிசையில் நான் மிக அதிகமாக நினைத்துக்கொள்வது அடையாறில் வாழ்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தாயார் தேவதாசி மரபில் வந்தவர். மணிமேகலையின் தாய் மாதவியும் கணிகையர் குலம்தான். கற்பனையில் மணிமேகலை வேற்றுருவில் போக வேண்டியிருந்தது. இவர் தன் உருவத்திலேயே போனார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார், அதே ஆண்டில் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவரை நடத்தியது இரக்கம், கோபம், தன் குலத்தின் வலி. அந்த வலியைக் கூச்சலாக்காமல், எதிர்ப்பவர்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் காரணம் சொல்லி நின்றது அவருடைய அறிவு.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தீர்மானத்தைப் பழமைவாதிகள் மட்டும் எதிர்க்கவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிப் பெண்களே எதிர்த்தார்கள். எங்கள் நிலமும் கலையும் போய்விடும், எங்களைக் கேட்காமல் எங்களுக்கு என்ன தீர்ப்பு என்று மனுக் கொடுத்தார்கள். அவர்கள் பயந்தது பலருடைய வாழ்க்கையில் நடந்தும்விட்டது. 1929இல் வந்த சட்டத் திருத்தம் மானிய நிலங்களைக் கோயில் பணியோடு பிணைக்காமல் விடுவித்தது. அந்த அளவுக்கு அவர்கள் குரல் காதில் விழுந்தது என்று கொள்ளலாம். முழுத் தடை 1947இல் சட்டமானது. முத்துலட்சுமி செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிறுமிகளின் வாழ்க்கையை அவர்கள் பிறப்பே தீர்மானிப்பதை எந்தக் கலையின் பேராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் நாகரத்தினம்மாளின் மனுவை முழுவதும் படித்து, அவர் தலையாட்டும் அளவுக்கு அதைத் தன் வாயால் எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் அந்தச் சட்டத்தைப் புகழ உரிமை உள்ளவர்கள்.

முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அழுகிறோம், திதி கொடுக்கிறோம், காலப்போக்கில் ஆறிப்போகிறோம். அவர் அந்தத் துக்கத்தை ஆறவிடவில்லை. 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் பிறகு வந்த டாக்டர் சாந்தாவும் அதற்கே வாழ்க்கையைக் கொடுத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே நகரத்தின் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்யும் பதிவேட்டையும் தொடங்கினார்கள். எந்த வயதில், எந்த உறுப்பில், யாருக்கு என்று வருடக்கணக்கில் பொறுமையாக எழுதி வைக்கும் வேலை. தங்கைக்காக அழுத கண்ணீருக்கும் அந்தப் பதிவேட்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் நான் அறிவு என்கிறேன். ஹியூம் இதைப் பார்த்தால், இங்கேயும் தொடக்கம் உணர்ச்சிதானே என்பார். ஆமாம். ஆனால் ஒரு தங்கைக்காக எழுந்த துக்கம் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்குத் திரும்பியதே, அதைத் திருப்பியது எது என்று அவரிடம் கேட்பேன்.

அடையாறு என்றால் ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சொல்லாமல் முடியாது. என் பேத்தி இப்போது அவரைத்தான் படிக்கிறாள், என்னோடு சண்டை போடுகிறாள். 1909இல் அடையாறு கடற்கரையில் தியசாபிகல் சொசைட்டிக்காரர்கள் கண்டெடுத்து, உலககுரு என்று வளர்த்த பையன். 1929 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஹாலந்தில் ஓமன் என்ற ஊரில், தனக்காக உருவாக்கப்பட்ட அமைப்பைத் தானே கலைத்துவிட்டார். கிரீன்வேஸ் சாலையில் வசந்த விகாரில் மரங்களுக்கு அடியில் அவர் பேசும்போது நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். 1986 ஜனவரியில் அவருடைய கடைசிப் பொதுப்பேச்சு நடந்ததும் அங்கேதான்.

அவர் பக்கத்தை என்னால் முடிந்த அளவு நியாயமாகச் சொல்லிப் பார்க்கிறேன். எண்ணம் என்பது நினைவிலிருந்து வருவது. நினைவு கடந்த காலம். ஆகவே எண்ணத்தால் புதிதாக எதையும் பார்க்க முடியாது. மனிதன் தன்னைப் பிராமணன், தமிழன், இந்து, இடதுசாரி என்று பிரித்துக்கொண்டதும், அந்தப் பிரிவுகளுக்காக அடித்துக்கொள்வதும் எண்ணத்தின் வேலைதான். வண்டி கட்டவும் வீடு கட்டவும் அது வேண்டும். ஆனால் மனிதனை மாற்ற அதனால் ஆகாது. அதற்குத் தீர்மானம் எதுவும் இல்லாத கவனம் வேண்டும். சொன்னது சரிதானா என்று பேத்தியிடம் கேட்டேன். “முக்கால்வாசி சரி தாத்தா” என்றாள்.

என் பதில் இது. எண்ணம் பிரிக்கிறது என்பது உண்மை, அந்தப் பிரிவைக் கேள்வி கேட்டு உடைத்ததும் எண்ணம்தான். தத்துவவிவேசினிக்காரர்களும் முத்துலட்சுமியும் வெறும் கவனத்தோடு நின்றிருந்தால் சட்டமும் வந்திருக்காது, மருத்துவமனையும் வந்திருக்காது. அவள் உடனே திருப்பிக் கேட்டாள்: “அந்தச் சின்ன தம்பி அக்கா பக்கத்தைச் சொன்னானே, முதல் ரெண்டு தடவை ஏன் தப்பாச் சொன்னான்? அவன் மனசுல ஏற்கெனவே அக்காவைப் பத்தி ஒரு படம் இருந்தது. அதைத்தான் சொன்னான். மூணாவது தடவை அந்தப் படம் போனதுக்கு அப்புறம்தானே அவனுக்குத் தெரிஞ்சுது? அந்தப் படத்தை எடுத்தது தருக்கமா?”

இதற்கு என்னிடம் நல்ல பதில் இன்னும் இல்லை. பெரியப்பா விடாமல் கேட்டதுதான் எடுத்தது என்று சொன்னேன். அது கேட்டவரைப் பற்றிய பதில், அவனுக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றிய பதிலில்லை என்கிறாள். அவள் சொல்வது சரி. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருவதாக இருக்கிறோம். அவள் வள்ளுவர் பக்கம் நின்று பேச வேண்டும், நான் கிருஷ்ணமூர்த்தி பக்கம் நின்று பேச வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. அவருடைய புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.